சுஸ்டன், ஃபுர்கா, கிரிம்சல்: மூன்று கணவாய்களையும் ஒரே நாளில் சுற்றி வர எந்தத் திசை நல்லது?

பேர்ண்வாசி எழுதியது:

வணக்கம் உறவுகளே.

யாழ்ப்பாணத்தில் என்னுடன் ஒரே வகுப்பில் படித்த நண்பர்கள் மூவர் வருகிற யூலை மாதம் லண்டனிலிருந்து பேர்ணுக்கு வருகிறார்கள். இன்ரர்லாக்கன், லுற்சேர்ன் போன்ற இடங்களை அவர்கள் முன்பே பார்த்துவிட்டார்கள். ஆகையால் இம்முறை ரயிலிலோ கேபிள் காரிலோ ஏறாமல், நாங்களே வாகனத்தை ஓட்டிச் சென்று சுஸ்டன், ஃபுர்கா, கிரிம்சல் ஆகிய மூன்று கணவாய்களையும் ஒரே நாளில் வட்டமாகச் சுற்றி வர வேண்டும் என்று விரும்புகிறோம். நான் இந்த நாட்டில் பல ஆண்டுகளாக வாகனம் ஓட்டுகிறேன். ஆனால் தெற்கே போக வேண்டுமென்றால் கொத்தார்ட் சுரங்கத்தின் வழியாகவே போய்ப் பழகியிருப்பதால், உயரமான கணவாய்ப் பாதைகளில் எனக்கு அனுபவம் இல்லை.

வரைபடத்தில் பார்த்தால், இன்னெர்ட்கிர்கனில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் வட்டம் சுமார் 120 கிலோமீற்றர்தான் வருகிறது. தூரம் குறைவாகத் தெரிவதால், நூஃபனன் கணவாயையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது சாத்தியமா? முதலில் கிரிம்சலில் ஏறுவதா, சுஸ்டனில் ஏறுவதா? என்னுடையது ஏழு பேர் அமரக்கூடிய ஒட்டோமற்றிக் பெற்றோல் வாகனம். நீண்ட இறக்கங்களில் அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

நண்பர்களில் ஒருவருக்கு உயரம் என்றால் பயம். இன்னொருவருக்கு வளைவான பாதைகளில் வாந்தி வந்துவிடும். மூன்றாமவர் தானும் சிறிது தூரம் ஓட்டுவேன் என்கிறார். இவற்றையெல்லாம் மனதில் வைத்து, அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

மலைவழி எழுதியது:

வணக்கம் தம்பி. ஒரே நாளில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் 120 கிலோமீற்றரை நெடுஞ்சாலைக் கணக்கில் பார்க்காதீர்கள். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே மூன்று மணி நேரம் பிடிக்கும். பேர்ணிலிருந்து இன்னெர்ட்கிர்கன் வரை போகவும் வரவும் சுமார் 90 கிலோமீற்றர் வீதம் தனியாக உண்டு.

திசையைப் பற்றி என்னுடைய கருத்து உறுதியானது: முதலில் சுஸ்டன், பிறகு வாசன், அண்டர்மாட் வழியாக ஃபுர்கா, கடைசியில் கிரிம்சல். இதற்கான காரணம் அந்தப் பாதைகள் உருவான காலத்திலேயே இருக்கிறது. ஃபுர்கா பாதை 1860களில், குதிரை வண்டிகளுக்காகவும் படை நகர்வுகளுக்காகவும் போடப்பட்டது. கிரிம்சல் பாதை 1890களைச் சேர்ந்தது. சுஸ்டன் பாதையோ இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்டு 1946இல் திறக்கப்பட்டது. தொடக்கத்திலிருந்தே மோட்டார் வாகனங்களை மனதில் கொண்டு கட்டப்பட்ட பாதை அது. அதனால் அதன் அகலமும் வளைவுகளின் விரிவும் ஏற்றத்தின் சீரான தன்மையும் மற்ற இரண்டிலிருந்தும் வேறுபட்டவை. மலைப்பாதைக்குப் புதியவர் ஒருவர் காலையில் கையைப் பழக்கிக்கொள்ள அதைவிட நல்ல பாதை இல்லை. ஒரு சிரமம் மட்டும் உண்டு. காலையில் கிழக்கு நோக்கி ஏறுவதால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். இடையிடையே வரும் சிறு சுரங்கங்களில் கண் சட்டென்று இருட்டிவிடும். முன்கண்ணாடியை உட்புறமாகவும் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள், சுரங்கத்தின் வாயிலுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. ஃபுர்காவின் கிழக்குப் பக்கத்தில், றியால்ப் ஊருக்கு மேலேயும் டீஃபன்பாக்குக்கு மேலேயும், பாதை சில இடங்களில் மிகவும் ஒடுங்கியது. பள்ளத்துக்கும் உங்களுக்கும் நடுவில் பல இடங்களில் தொடர்ச்சியான இரும்புத் தடுப்பு கிடையாது, கல்தூண்கள் மட்டுமே வரிசையாக நிற்கும். றியால்பிலிருந்து மேற்கு நோக்கி ஏறும்போது பள்ளத்தாக்கு உங்களுக்கு இடப்பக்கத்தில் இருக்கும். நாம் வலப்பக்கம் ஓட்டுவதால் பெரும்பாலும் மலைச்சுவரை ஒட்டியே போவோம். எதிர்த்திசையில் வந்தால் அதே இடத்தைப் பள்ளத்தின் ஓரமாக, அதுவும் இறக்கத்தில், கடக்க வேண்டியிருக்கும்.

ஏறுபவருக்குச் சட்டமும் துணை நிற்கிறது. ஒடுங்கிய மலைப்பாதையில் இரண்டு வாகனங்கள் விலக முடியாமல் போனால், இறங்குகிற வாகனம்தான் முதலில் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் பின்னோக்கிப் போக வேண்டும். ஏறுகிற வாகனம் ஒதுங்கும் இடத்துக்கு வெளிப்படையாக அருகில் இருந்தால் மட்டுமே அது மாறும். நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரையப்பட்டிருந்தால் அது மலை அஞ்சற்பாதை என்று பொருள். அங்கே மஞ்சள் பஸ்ஸின் சாரதி கையால் காட்டும் சைகைக்குக் கட்டுப்படுவது உங்கள் கடமை. குருட்டு வளைவுக்கு முன் அவர்கள் அடிக்கும் மூன்று சுர ஹோர்ன், றொசினியின் வில்லியம் தெல் இசைநாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுக்கப்பட்டது. அது காதில் விழுந்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். டீஃபன்பாக்குக்கு மேலே எங்களுக்கு முன்னால் சென்ற வாடகை வாகனம் ஒன்று அந்த ஒலியைக் கேட்ட பிறகும் வளைவுக்குள் நுழைந்துவிட்டது. பஸ் சாரதி பதற்றமே இல்லாமல் கண்ணாடியைத் திறந்து, இரண்டு விரல்களால் பின்னால், இன்னும் பின்னால், போதும் என்று காட்டிக்கொண்டே, பஸ்ஸின் பின்பகுதியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் திருப்பி எடுத்துச் சென்றார். அவர் சொல்வதைக் கேட்டால் எந்தச் சிக்கலும் இல்லை.

நூஃபனனைச் சேர்க்க வேண்டாம். 2,478 மீற்றர் உயரமுள்ள அது, முழுவதும் சுவிற்சர்லாந்துக்குள்ளேயே அமைந்த, வாகனப் பாதையுள்ள கணவாய்களில் மிக உயரமானது என்பதும், மிக அழகானது என்பதும் உண்மைதான். ஆனால் உல்ரிகனிலிருந்து ஐரோலோவுக்கு இறங்கினால், திரும்பி வரக் கொத்தார்ட் கணவாயையும் கடக்க வேண்டும். அப்போது நாள் முழுவதும் ஓட்டம்தான் மிஞ்சும், பார்ப்பதற்கு நேரம் இருக்காது. அது இன்னொரு நாளைக்கு உரியது.

இயன்றால் வார நாளில் போங்கள். யூலையில் சனிக்கிழமைகளில் கொத்தார்ட் சுரங்கத்தின் வடக்கு வாயிலான கோஷனனில் விடுமுறைக்காரர்களின் வாகனங்கள் கிலோமீற்றர் கணக்கில் தேங்கி நிற்கும். அதைத் தவிர்க்க நினைப்பவர்கள் வாசனிலிருந்து அண்டர்மாட்டுக்கு ஏறும் பழைய வீதியில் இறங்கிவிடுவார்கள். உங்கள் வட்டத்தில் தப்ப முடியாத துண்டு அதுதான்.

கராஜ்காரன் எழுதியது:

மலைவழி அண்ணா பாதையைப் பற்றி எழுதிவிட்டார். நான் வாகனத் திருத்த வேலையில் இருப்பவன் என்பதால் பிறேக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மலைப்பாதைக்குப் புதியவர்கள் ஏற்றத்தை நினைத்துத்தான் கவலைப்படுவார்கள். இன்றைய வாகனங்களுக்கு ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை. கவனம் தேவைப்படுவது இறக்கத்தில்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிரிம்சல் உச்சி 2,164 மீற்றர், இன்னெர்ட்கிர்கன் சுமார் 625 மீற்றர். நான்கு பேரும் பொதிகளுமாக உங்கள் வாகனம் 2,200 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 9 கிலோவாற் மணி. வீட்டில் வைத்திருக்கும் 2 கிலோவாற் மின்சூடாக்கி ஒன்று நான்கரை மணி நேரத்தில் தரும் வெப்பம் அவ்வளவு. காற்றின் எதிர்ப்பும் ரயர்களின் உராய்வும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இயந்திரத்தின் தடையால் கரைக்காவிட்டால், அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இறக்கத்தில் அது முழுவதும் நான்கு சக்கரத் தட்டுகளிலும் வெப்பமாக இறங்கும்.

அந்த வெப்பம் பிறேக் எண்ணெய்க்கும் போகும். பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டொட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகிவிட்டால், மிதியை அழுத்தும் விசை அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகும், சக்கரத்தைப் போய்ச் சேராது. மிதி தரைவரை இறங்கும், வாகனம் நிற்காது. எண்ணெயை மாற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்றால், புறப்படுவதற்கு முன் மாற்றிவிடுங்கள். மலைக்குப் போகும் எந்த வாடிக்கையாளருக்கும் நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்.

ஒட்டோமற்றிக்கில் நெம்புகோலை டி நிலையில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். எம் என்ற கைமுறை நிலைக்கு மாற்றி, இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்குங்கள். இயந்திரம் 3,000, 4,000 சுற்றில் உறுமுவதைக் கேட்டுப் பதற வேண்டாம்; எரிபொருளே ஊட்டப்படாமல் வாகனத்தைப் பிடித்து வைக்கும் ஓசைதான் அது. எக்காரணம் கொண்டும் நியூற்றல் (N) நிலைக்கு மாற்றாதீர்கள். மிதியைத் தொடர்ந்து மெலிதாக அழுத்தியபடியே வருவதுதான் பிறேக்குக்கு மிகக் கெட்டது. வளைவுக்கு முன் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் தட்டுகள் ஆறும்.

கருகிய நாற்றம் வந்தால் அடுத்த ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். காட்மன் அருகே ஒரு தரிப்பிடத்தில், முன்சக்கரங்களிலிருந்து புகை வந்த வாகனத்தின் மீது ஒருவர் போத்தல் தண்ணீரை ஊற்றப் போனார். நல்ல வேளையாக நான் பக்கத்தில் நின்று தடுத்தேன். சிவக்கச் சூடேறிய இரும்புத் தட்டில் குளிர்ந்த நீர் பட்டால் அது வளையலாம், வெடிக்கவும் செய்யலாம்.

மின்வாகனத்தில் வர நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஏற்றத்தில் பற்றரி வேகமாகக் குறைவதைக் கண்டு அஞ்ச வேண்டாம், இறங்கும்போது அதில் நல்ல பங்கு திரும்பி வரும். பற்றரி முழுவதும் நிரம்பிய நிலையில் மட்டும் நீண்ட இறக்கத்தைத் தொடங்காதீர்கள். மீட்டெடுத்த மின்சாரத்தை ஏற்க அதில் இடமிருக்காது.

செங்காந்தள் எழுதியது:

வணக்கம். வாகனத்தில் வாந்தி வரும் நண்பரைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. வாகனத்தில் ஏறினாலே தலைசுற்றும் குடும்பத்தில் பிறந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அவரை முன்னிருக்கையில் அமர்த்துங்கள், கைபேசியைப் பார்க்க விடாதீர்கள், பாதை போகும் திசையிலேயே தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. மாத்திரை எடுப்பதானால் வளைவுகள் தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். அவற்றில் பல தூக்கத்தை வரவழைப்பவை என்பதால், ஓட்டுபவர் யாரும் அவற்றைத் தொடக் கூடாது. இவை எல்லாவற்றையும்விடச் சாரதியின் கைதான் பெரிது. வளைவுக்குள் போன பிறகு பிறேக் பிடிக்காமல், முன்பே வேகத்தைக் குறைத்து ஒரே சீராகத் திருப்பினால் பாதி நோய் குறைந்துவிடும்.

உயரத்துக்கு அஞ்சும் நண்பரைப் பின்னிருக்கையின் வலப்பக்கத்தில் அமர்த்துங்கள். அண்ணா சொன்ன திசையில் போனால், றியால்பிலிருந்து ஏறும் நெடுகிலும் அவருக்கு மலைச்சுவர்தான் தெரியும்.

குளிரை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு 100 மீற்றருக்கும் வெப்பநிலை சராசரியாக 0.65 பாகை குறையும். இன்னெர்ட்கிர்கனில் 25 பாகை என்றால் ஃபுர்காவின் உச்சியில் 13 பாகைதான், காற்றும் சேர்ந்தால் இன்னும் குறைவாக உணரப்படும். நம் ஊரவர்களுக்கு உயரத்தை உணர்த்த இப்படிச் சொல்லலாம்: இலங்கையின் மிக உயரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர், நீங்கள் வாகனத்திலேயே ஏறி நிற்கப்போகும் ஃபுர்கா 2,429 மீற்றர். யூலையிலும் சில நாட்களில் அங்கே பனி விழுவதுண்டு. பொதுவாக யூன் மாதத்திலிருந்து ஒக்டோபர் வரை மூன்று கணவாய்களும் திறந்திருக்கும் என்றாலும், புறப்படும் காலையில் ரி.சி.எஸ். என்ற சுவிஸ் வாகன ஓட்டிகள் சங்கத்தின் இணையதளத்தில் நிலைமையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

அண்ணா எழுதாமல் விட்டது, நேரத்தை எங்கே செலவழிப்பது என்பதைத்தான். மூன்று கணவாய்களிலும் சம நேரம் நிற்க வேண்டியதில்லை. சுஸ்டனில் ஸ்டைன் பனியாற்றையும் அதன் அடியிலிருக்கும் ஏரியையும் பார்த்தபடி காலை உணவை முடித்துக்கொள்ளுங்கள். அண்டர்மாட்டுக்கு முன்னால் ஷோலனன் மலையிடுக்கில் பேய்ப் பாலத்தைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். மீதி நேரத்தை ஃபுர்காவின் மேற்குப் பக்கத்துக்குக் கொடுங்கள்.

உச்சியிலிருந்து சிறிது இறங்கியதும், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பெல்வெடேர் என்ற பழைய ஹொட்டேல் தனியாக நிற்கும். 1882இல் கட்டப்பட்ட அது பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் ரோன் பனியாறு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தப் பனியாறு கீழே கிளெட்ச் பள்ளத்தாக்கின் தரைவரை இறங்கிக் கிடந்தது. ஹொட்டேலைக் கட்டியவர்கள், விருந்தினர் சாளரத்தைத் திறந்தால் பனிக்கட்டி தெரிய வேண்டும் என்றே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அதே இடத்தில் நிற்பவர் வெறும் பாறையைத்தான் முதலில் பார்ப்பார், பனியைப் பார்க்க நடந்து போக வேண்டும். பனி உருகுவதைத் தாமதப்படுத்தக் கோடையில் அதன் ஓரத்தின் மீது வெள்ளைத் துணிகளைப் போர்த்திவந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தபோது, கிழிந்த துணியின் மடிப்புகளில் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தது. அடியிலிருந்து தண்ணீர் விடாமல் வடிந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவின் பெரிய ஆறுகளில் ஒன்று தொடங்குவது அங்கேதான். உங்கள் நண்பர்கள் பிள்ளைகளோடு இன்னொரு முறை வரும்போது இந்தக் காட்சி இப்படியே இருக்காது. அதனால் இங்கே இரண்டு மணி நேரம் நில்லுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபுர்காவின் கிழக்குச் சரிவில் விழும் மழை றொய்ஸ் ஆற்றில் சேர்ந்து, ஆரே வழியாக ரைனுக்குப் போய் வடகடலில் கலக்கிறது. மேற்குச் சரிவின் நீர் ரோனாகி, ஜெனீவா ஏரியைக் கடந்து மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. கிளெட்சிலிருந்து கிரிம்சலில் ஏறி மறுபக்கம் இறங்கினால், மறுபடியும் வடகடலின் நீர்ப்பரப்புக்குள் வந்துவிடுவீர்கள். பேர்ணில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஆரே ஆறு கிரிம்சல் பகுதியில்தான் பிறக்கிறது.

பேர்ண்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நூஃபனனைக் கைவிட்டுவிட்டோம். புதன்கிழமை அதிகாலை ஆறரைக்குப் பேர்ணிலிருந்து புறப்பட்டு, சுஸ்டன் வழியாகப் பதினொரு மணியளவில் அண்டர்மாட், பன்னிரண்டரைக்கு ஃபுர்கா, மூன்றரைக்குக் கிரிம்சல் என்று திட்டமிட்டிருக்கிறோம். பிறேக் எண்ணெய் மாற்ற நாள் குறித்துவிட்டேன். அக்கா சொன்னபடி இருக்கைகளையும் இப்போதே பங்கிட்டுவிட்டோம். புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போவதா, ரோல்ஸ் போதுமா என்பதில்தான் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

ஒரு கேள்வி மீதமிருக்கிறது. லண்டன் நண்பர் ஓட்ட ஆசைப்படுகிறார். அவரிடம் பிரித்தானியச் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது, நல்ல சாரதியும்கூட. எந்தப் பகுதியை அவருக்குக் கொடுக்கலாம்?

மலைவழி எழுதியது:

அனுமதிப்பத்திரத்தில் சிக்கல் இல்லை. உங்கள் வாகனத்தை வேறொருவர் ஓட்டினால் காப்புறுதி எந்த அளவுக்குச் செல்லும் என்பதை மட்டும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவாய் ஏற்றத்தையோ இறக்கத்தையோ அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என்னுடைய கருத்து. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் ஓடும்போது பெரும்பாலும் தவறமாட்டார்கள். படம் எடுக்க நிறுத்திவிட்டு, வெறிச்சோடிய பாதையில் மறுபடியும் ஏறும் அந்த நொடியில்தான் பழைய பழக்கம் கையை இடப்பக்கம் இழுக்கும். எதிரே திடீரென்று வாகனம் வந்தாலும் அவர்கள் ஒதுங்க முயல்வது இடப்பக்கமாகத்தான். றியால்புக்கு மேலே இடப்பக்கம் என்றால் பள்ளம்.

ஆனால் அவருடைய ஆசையையும் தட்டிக்கழிக்க வேண்டாம். அண்டர்மாட்டிலிருந்து ஹொஸ்பன்டால் வழியாக றியால்ப் வரையுள்ள ஊர்சரன் பள்ளத்தாக்கு அவருக்கென்றே அமைந்தது போன்றது. ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர், தட்டையான தரை, அகலமான வீதி, இரண்டு பக்கமும் பச்சை மலைகள். அண்டர்மாட்டில் பெற்றோல் நிரப்பிவிட்டு அங்கே அவரிடம் திறப்பைக் கொடுங்கள். றியால்ப் நிலையத்தருகே வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே பழைய ஃபுர்கா நீராவி ரயில் புறப்படும் நிலையமும் இருக்கிறது, வண்டி நின்றால் அதையும் பார்த்துவிட்டு ஏறலாம்.

கிரிம்சலில் நேரம் மிஞ்சினால் அணைக்கட்டுப் பக்கம் ஒதுங்குங்கள். 1932இல் கட்டி முடிக்கப்பட்ட சுமார் 114 மீற்றர் உயரமான பழைய அணைக்கு முன்னால் புதிய அணையை எழுப்பியிருக்கிறார்கள். பாறைத் தூள் கலந்து சாம்பல் பச்சையாகத் தெரியும் அந்த ஏரியைப் பார்த்துவிட்டு, கராஜ்காரத் தம்பி சொன்னபடி இரண்டாவது கியரில் இறங்கத் தொடங்குங்கள்.

புட்டே கட்டுங்கள். ரோல்ஸ் அந்தக் குளிரில் விறைத்துவிடும்.